மலையேறும் முன் ஒரு கணக்கு: திருச்சுழியிலிருந்து ஒரு யாத்திரைப் பாடம்



நம்ம குரூப்ல அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இந்த வாரப் பாடமா எடுத்துக்கலாம். "முருகன் கூப்பிட்டா கிளம்ப வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு ப்ளான், ஷீட், லிஸ்ட் எல்லாம்? ஐடி வேலைன்னா கோயிலுக்குப் போறதையும் ப்ராஜெக்ட் ஆக்கணுமா?" இதைக் கேட்கிறவங்க கிண்டலுக்குக் கேட்கலை. திட்டம் போட்டா நம்பிக்கை குறையுதோன்னு ஒரு நிஜமான சந்தேகம் அவங்களுக்கு இருக்கு.

நான் திருச்சுழிக்காரன். எங்க ஊரு மானாவாரி பூமி. குண்டாத்துல தண்ணி வர்ற நாளை விரல் விட்டு எண்ணிடலாம். எங்க ஊர் சம்சாரி கண்மாய்ல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் நெல்லா, பருத்தியா, மல்லியா, மிளகாயான்னு முடிவு பண்ணுவார். உழுது, விதைச்சு, வரப்பைச் சரி பண்ணிட்டுத்தான் வானத்தைப் பார்ப்பார். உழாம வானத்தைப் பார்க்கிறவரை ஊர்ல பக்திமான்னு சொல்ல மாட்டாங்க, சோம்பேறின்னுதான் சொல்லுவாங்க. யாத்திரைத் திட்டமும் உழவு மாதிரிதான். மழை அவன் கையில, உழவு நம்ம கையில.

சரி, பாடத்துக்குப் போவோம். முதல்ல எங்க ஊர்ல பிறந்த ஒருத்தர் மலைக்குப் போன கதை. அப்புறம் நம்ம யாத்திரைக்கு ஆறு படி.

*திருச்சுழியில் பிறந்தவரின் மலைப் பயணம்*

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். அம்மன் பேரு துணைமாலை அம்மை. அந்தக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுல 1879 டிசம்பர் 30 அன்னைக்கு, ஆருத்ரா தரிசன நாள்ல, வேங்கடராமன்னு ஒரு பிள்ளை பிறந்தது. பின்னாள்ல அவர்தான் ரமண மகரிஷி. முருக பக்தர்கள் பக்கத்துல ஏன் ரமணர் கதைன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 1907-ல அவருக்கு ரமண மகரிஷின்னு பேர் சூட்டின காவ்யகண்ட கணபதி முனிவர், அவரை முருகனோட அவதாரமாவே பார்த்தார். அதோட திருவண்ணாமலை நம்ம அருணகிரிநாதருக்கு முருகன் காட்சி கொடுத்த ஊர். அங்க இருக்கிற கம்பத்து இளையனார் சன்னிதியைத் தெரியாத திருப்புகழ் அன்பர் இருக்க முடியாது.

வேங்கடராமனோட அப்பா 1892-ல காலமானார். அதுக்கப்புறம் அண்ணனும் தம்பியும் மதுரையில சித்தப்பா வீட்டுல தங்கிப் படிச்சாங்க. 1896-ல வேங்கடராமனுக்கு 16 வயசு. ஆகஸ்ட் 29 சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சொல்லிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணன் தன்னோட காலேஜ் பீஸைப் போற வழியில கட்டச் சொல்லி 5 ரூபாய் எடுத்துக்கச் சொன்னார். தம்பி அதுல 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கிட்டார். மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோட வச்சிட்டுப் போனார். யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடுறதுக்காகக் காசு செலவு பண்ண வேண்டாம், அண்ணனோட பீஸ் இன்னும் கட்டலை, 2 ரூபாய் இத்தோட இருக்குங்கிற விவரம் அந்தச் சீட்டுல இருந்தது. கையெழுத்துப் போடுற இடத்துல பேருக்குப் பதிலா ஒரு கோடு.

இப்ப அந்தப் பயணத்தோட வரவு செலவைப் பாருங்க. ஒரு பழைய அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குக் கிட்ட இருக்கிற ஸ்டேஷன் திண்டிவனம்னு அவர் முடிவு பண்ணியிருந்தார். மதுரையிலிருந்து திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதனால கையில மீதி 3 அணா. ஆனா அந்த அட்லஸ் அச்சான பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியா காட்பாடிக்குப் புது ரயில் பாதை வந்திருந்தது. இதை ரயில்ல கூட வந்த ஒரு மௌல்வி சொன்னார். திண்டிவனம் வரைக்கும் போக வேண்டாம், விழுப்புரத்துல இறங்கி வண்டி மாறணும்னு வழி காட்டினதும் அவர்தான்.

வழியில அரை அணாவுக்குப் பழம் வாங்கினது போக மீதி இரண்டரை அணா. விழுப்புரத்துல ஒரு ஓட்டல்ல சாப்பிட்டார், ஓட்டல்காரர் காசு வாங்கிக்கலை. அந்த இரண்டரை அணாவுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு, அதாவது மாம்பழப்பட்டு வரைக்கும், டிக்கெட் எடுத்தார். அங்கேருந்து நடை. அறையணிநல்லூர் கோயில், அப்புறம் கீழூர் கோயில். கீழூர்ல ஒரு வீட்டுல சாப்பாடு கிடைச்சது. அங்க காதுல கிடந்த கடுக்கனை அடகு வச்சு 4 ரூபாய் வாங்கிக்கிட்டார். செப்டம்பர் 1 செவ்வாய்க்கிழமை காலையில ரயில்ல திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். நேரா கோயிலுக்குப் போனார். கையில மிச்சம் இருந்த காசை அய்யங்குளத்துல எறிஞ்சார். அடகுச் சீட்டை ஏற்கெனவே கிழிச்சுப் போட்டிருந்தார். அதுக்கப்புறம் 1950 வரைக்கும் அந்த மலையை விட்டு அவர் எங்கயும் போகலை.

"பார்த்தீங்களா, ப்ளான் இல்லாமத்தானே போனார்!" அப்படின்னு இந்தக் கதையைச் சொல்லி முடிக்கிறவங்க உண்டு. நான் இதுல அஞ்சு விஷயம் பார்க்கிறேன்.

ஒன்று, அவர் அட்லஸ் பார்த்தார், கட்டணப் பட்டியல் பார்த்தார், தேவையான காசை மட்டும் எடுத்தார். தெரிஞ்ச வரைக்கும் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினார்.

இரண்டு, பழைய தகவல் வழியை நீட்டிடும். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற மூணு வருஷத்துக்கு முந்தின யூடியூப் வீடியோவும் ஒரு பழைய அட்லஸ்தான்.

மூணு, வழியில சொல்றவங்களைக் காது கொடுத்துக் கேட்டார். தான் போட்ட திட்டத்தை அங்கயே மாத்திக்கிட்டார்.

நாலு, இதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன். எல்லாத்தையும் விட்டுட்டுப் போற அந்த நேரத்துலயும் அண்ணனோட பீஸ் கட்டலைங்கிறதை எழுதி வச்சார், 2 ரூபாயை விட்டுட்டுப் போனார். தன்னோட பயணம் பின்னால இருக்கிறவங்களை எப்படிப் பாதிக்கும்னு யோசிச்சிருக்கார்.

அஞ்சு, அவர் தனி ஆள். திரும்பி வரப் போறதில்லை. அதனாலதான் மீதிக் காசைக் குளத்துல எறிய முடிஞ்சது. நாம அப்படி இல்லை. திங்கட்கிழமை காலையில ஆபீஸ்ல லாகின் பண்ணணும். கூட அம்மா இருக்காங்க, தங்கச்சி பிள்ளை இருக்கு, மாமாவுக்குச் சுகர் இருக்கு. துறவியோட பயணத்தைக் கும்பிடலாம். குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறவன் அதையே காப்பி அடிக்கக் கூடாது.

*முதல் படி: யார் வர்றாங்கன்னு முதல்ல எழுதுங்க*

நிறையப் பேர் தேதியிலிருந்து தொடங்குவாங்க, இல்லன்னா வண்டியிலிருந்து. நான் சொல்றது, ஆளுங்க கிட்டயிருந்து தொடங்குங்க. வர்றவங்க பேரை எழுதி, எதிர்ல மூணு விஷயம்: எவ்வளவு தூரம் நிற்காம நடக்க முடியும், என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் சாப்பிடாம இருக்க முடியும். அந்த லிஸ்ட்ல யாரு ரொம்ப மெதுவோ அவங்களோட வேகம்தான் குழுவோட வேகம். எங்க வேலையிலயும் இப்படித்தான், மெதுவான ஒரு சர்வீஸ் மொத்த சிஸ்டத்தையும் நிறுத்திடும். அங்க அதைத் தூக்கிட்டு வேற போடலாம். வீட்டுல அப்பத்தாவைத் தூக்கிட்டு வேற போட முடியாது.

எங்க அப்பத்தாவுக்கு 74 வயசு. நான் ப்ளஸ் டூ படிக்கிறப்ப டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன். அப்ப மஞ்சத் துணியில ஒரு ரூபாய் முடிஞ்சு, "பிள்ளை எந்திரிச்சா பழனிக்கு வந்து உண்டியல்ல போடுறேன்"னு அப்பத்தா வேண்டிக்கிச்சு. அதுக்கப்புறம் வீட்டுல இருந்து வருஷா வருஷம் யாராவது பழனி போயிட்டுத்தான் இருந்தாங்க. "உனக்கு முழங்கால் வலி, 693 படி எப்படி ஏறுவ, காசைக் கொடு, நாங்க போட்டுடுறோம்"னு கேட்டா கொடுக்காது. "நான் வேண்டினது, நான்தான் போடணும்"னு சொல்லும். வர்றவங்க கொண்டு வந்த பஞ்சாமிர்தத்தைக் கண்ணுல ஒத்திக்கும். அந்த முடிச்சு சாமி படத்துக்குப் பின்னால 11 வருஷம் இருந்தது.

போன வருஷம் அதுக்காகவே ஒரு திட்டம் போட்டோம். ஒரு மாசம் தினமும் சாயங்காலம் திருமேனிநாதர் கோயில் பிரகாரத்துல அப்பத்தாவை நடக்கக் கூட்டிட்டுப் போகச் சொல்லி தங்கச்சிகிட்ட சொன்னேன். முதல் வாரம் ஒரு சுத்துக்கே உட்கார்ந்துடுச்சு. நாலாவது வாரம் மூணு சுத்து, நடுவுல ஒரு தடவை உட்கார்ந்து. இதுதான் உண்மையான தகவல். "வலி இருக்கு"ங்கிற ஒரு வார்த்தையை வச்சு வீட்டுல எல்லாரும் வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தாங்க. அளந்து பார்த்தா, படி ஏற முடியாது, ஆனா மேல கொண்டு போயிட்டா சன்னிதி வரைக்கும் மெதுவா நடக்க முடியும்னு தெரிஞ்சது. முடியாதுங்கிறதுக்கும் முடியுங்கிறதுக்கும் நடுவுல இருந்தது பிரகாரத்துல மூணு சுத்து.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும். கேட்டுப் பாருங்க.

*இரண்டாம் படி: ஆளுக்கு ஏத்த மலை*

குன்று இருக்கிற இடமெல்லாம் குமரன்தான். ஆனா எல்லாக் குன்றும் ஒரே உடம்பைக் கேட்காது.

திருப்பரங்குன்றம்: மதுரைக்குப் பக்கத்துலயே இருக்கு, திருச்சுழியிலிருந்து அரை நாள்ல போய் வரலாம். மலையைக் குடைஞ்ச கோயில், சன்னிதி அடிவாரத்துலயே இருக்கு. மூலவர் பாறையில வடிச்ச திருமேனிங்கிறதால அபிஷேகம் வேலுக்குத்தான். முதியவங்களோட முதல் யாத்திரைக்கு நல்ல இடம்.

பழமுதிர்சோலை: அழகர்கோயிலுக்கு மேல, மலைக்குள்ள. கோயில் வரைக்கும் ரோடு இருக்கு. காலையில பரங்குன்றம், அடுத்து சோலைன்னு ஒரே நாள்ல இரண்டு படைவீடு பார்க்கலாம்.

கழுகுமலை: அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி வழியா போகலாம். இங்கயும் முருகன் குடைவரைக்குள்ள இருக்கார். மேல பாறையில சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் இருக்கு. நம்ம வட்டாரத்துப் பசங்க நிறையப் பேர் இன்னும் பார்க்காத மலை.

குன்றக்குடி: காரைக்குடி பக்கம். சின்னக் குன்று. நகரத்தார் பழனிக்குக் காவடி எடுத்துப் போற பாதயாத்திரையில முக்கியமான ஊர்.

சுவாமிமலை: கும்பகோணம் பக்கத்துல. இது கட்டுமலை, படி 60. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒவ்வொரு படின்னு சொல்லுவாங்க.

திருத்தணி: 365 படி, வருஷத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு படின்னு கணக்கு. மேல வரைக்கும் வண்டிப் பாதையும் இருக்கு. ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் கூட்டம் அலைமோதும்.

பழனி: 693 படி. யானைப்பாதை, விஞ்ச், ரோப் கார்னு வேற வழிகளும் உண்டு. விவரம் கீழே.

ஒரே நாள்ல ஆறு படைவீடும் பார்க்கிற ப்ளான் நிறையப் பேர் கேட்கிறீங்க. திருச்செந்தூர்ல ஆரம்பிச்சு திருத்தணி வரைக்கும் சாலையிலயே 800 கிலோமீட்டருக்கு மேல வரும். வண்டி ஓட்டுறவருக்குத் தூக்கம் இல்லை, சாமி முன்னால அரை நிமிஷம். இரண்டு இரண்டா மூணு பயணமாப் பிரிங்க. இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயசுக்காரங்களுக்கு அறுபடை வீடுகளுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஒண்ணை 2024 ஜனவரியில தொடங்கினாங்க. உங்க வீட்டுல அந்த வயசுக்காரங்க இருந்தா பக்கத்துல இருக்கிற அறநிலையத் துறை அலுவலகத்துல விசாரிங்க. எங்க அப்பத்தா அந்த வயசைத் தாண்டிடுச்சு, அதனால நாங்களே கூட்டிட்டுப் போனோம்.

*மூணாம் படி: நாள் பார்க்கிறது*

தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிக் கிருத்திகை, கந்த சஷ்டி. இந்த நாள்ல போறதுக்கு ஒரு தனி சந்தோஷம் இருக்கு, நான் மறுக்கலை. ஆனா நெரிசல் தாங்காத உடம்போட போறவங்க விசேஷ நாளுக்கு முன்ன பின்ன ஒரு வாரம் தள்ளிப் போங்க. மாசக் கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், ஞாயிறு, பள்ளிக்கூட விடுமுறை இதெல்லாம் விட்டுட்டுப் பார்த்தா அமைதியான புதன், வியாழன் கிடைக்கும். ஒரு நாள் லீவு போட்டா போதும். முருகன் கிருத்திகையில மட்டும் அங்க இருக்கிறவர் இல்லை.

வெயிலையும் கணக்குல எடுங்க. "நாங்க கரிசக்காட்டு வெயில்ல வளர்ந்தவங்க"ன்னு பெருமை பேசலாம். சித்திரை மத்தியானம் செருப்பில்லாம பாறைப் படியில நிக்கிறப்ப அந்தப் பெருமை உதவாது. காலையில ஏறுங்க, இல்லன்னா சாயங்காலம்.

காட்டுக்குள்ள இருக்கிற மலைன்னா மழையையும் பாருங்க. நம்ம மாவட்டத்துச் சதுரகிரிக்கு இளைஞர்கள் நிறையப் பேர் போறீங்க. அங்க 2015 மே மாசம் திடீர்னு வந்த காட்டு வெள்ளத்துல பக்தர்கள் உயிர் போனது. கீழ வெயில் அடிச்சாலும் மேல பெய்ற மழை ஓடையில வந்து இறங்கிடும். வனத்துறை ஏறக் கூடாதுன்னு சொன்னா, அதை முருகன் சொன்னதா எடுத்துக்கிட்டுத் திரும்பிடுங்க. மலை அங்கயேதான் இருக்கும்.

*நாலாம் படி: பின்னாலிருந்து முன்னால கணக்குப் போடுங்க*

வேலையில ரிலீஸ் தேதியை வச்சுக்கிட்டுப் பின்னாலிருந்து கணக்குப் போடுவோம்ல, அதே மாதிரி. திருச்சுழியிலிருந்து மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா பழனி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். நடுவுல டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் வைங்க. காலையில 7 மணிக்கு அங்க இருக்கணும்னா ராத்திரி 3 மணிக்குக் கிளம்பணும். அப்படின்னா டிரைவர் 2 மணிக்கு எந்திரிக்கணும். விடியக்காலை 3 முதல் 5 மணி வரைக்கும்தான் ஸ்டியரிங்ல கண் சொருகும். குடும்பத்தோட கோயிலுக்குப் போய் விபத்துல சிக்கின செய்தியைப் படிக்கிறப்பல்லாம் நேரத்தைப் பாருங்க, நிறைய தடவை அந்த நேரமாத்தான் இருக்கும்.

அதனால முந்தின நாள் மத்தியானமே கிளம்பி, இருட்டுறதுக்குள்ள பழனி போய்த் தங்கிடுங்க. தேவஸ்தானத்தோட தண்டபாணி நிலையம் இருக்கு, வெளியில லாட்ஜும் இருக்கு. ரூம் செலவு கூடத்தான். அதைச் சேர்த்துக் கட்டுபடியாகிற மாதிரி உண்டியல் பணத்தையும் பூஜைச் செலவையும் குறைச்சுக்கலாம். முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

*அஞ்சாம் படி: பழனிக்குன்னு சில விவரம்*

பழனி அடிவாரத்துல திருஆவினன்குடி. நக்கீரர் பாடின மூணாம் படைவீடு அதுதான். அங்க கும்பிட்டுட்டு, கிரிவலம் முடிஞ்சவங்க கிரிவலம் வந்து, அப்புறம் மலைக்கு ஏறுறது வழக்கம். முடியாதவங்க ஆவினன்குடியில கும்பிட்டுட்டு நேரா மேல போகலாம்.

கவனிக்க வேண்டியது இதுதான். மேல போற வழிகள் ஒரே இடத்துல தொடங்கலை. படிப்பாதையும் யானைப்பாதையும் பாத விநாயகர் கோயில் பக்கம். விஞ்ச் மேற்கு கிரிவீதியில. 2004-ல வந்த ரோப் கார் தெற்கு கிரிவீதியில. கிரிவீதிக்குள்ள தனியார் வண்டி விடுறதில்லை, தேவஸ்தானத்தோட பேட்டரி கார்ல போகணும். ரோப் கார் பலமா காத்தடிச்சா நின்னுடும். மாசாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாளும், வருஷப் பராமரிப்புக்குப் பல நாளும் நிறுத்துவாங்க. கிளம்பும் முன்னால தேவஸ்தானத் தளத்துலயோ போன்லயோ அன்னைய நிலவரத்தைக் கேட்டுடுங்க. பழைய அட்லஸ் பாடம் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்தது போன். 2023 அக்டோபர்லேருந்து பழனி மலைக்கோயில்ல செல்போனுக்குத் தடை. கீழ கவுன்ட்டர்ல கொடுத்துட்டுத்தான் ஏறணும். இது நல்லதுதான், சாமிக்கும் நமக்கும் நடுவுல இருந்த ஒரு திரை போச்சு. ஆனா யோசிங்க. பசங்க படியில, பெரியவங்க விஞ்ச்ல. மேல வந்தா யார் எங்கன்னு கூப்பிட்டுக் கேட்க முடியாது. நம்ம தலைமுறைக்குப் "போய் இறங்கிட்டு கால் பண்றேன்"னு சொல்லியே பழகிடுச்சு.

அப்பத்தா போனே வச்சுக்கிறது இல்லை. அதனால அதுக்காக எழுதின விதி எல்லாருக்கும் உதவிச்சு. ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி ஆளுக்கு ஒண்ணு சட்டைப் பையில, இடுப்புல. அதுல இருந்தது இவ்வளவுதான்: மேல சேர்ற இடம் எது, அங்க எவ்வளவு நேரம் காத்திருக்கணும், வரலைன்னா கீழ சேர்ற இடம் எது, லாட்ஜ் பேர், இரண்டு பேரோட போன் நம்பர், அப்பத்தா சாப்பிடுற மாத்திரை பேர். ரோப் கார் ஓடலைன்னா விஞ்ச், விஞ்ச்ல ரொம்பக் கூட்டம்னா சாயங்காலம், சாயங்காலமும் முடியலைன்னா மறுநாள் காலை. லாட்ஜ்ல இரண்டு ராத்திரிக்குச் சொல்லி வச்சிருந்தோம்.

அன்னைக்குக் காத்து பலமா இருந்தது, ரோப் காரை நிறுத்திட்டாங்க. யாரும் பதறலை. தாள்ல இரண்டாவது வரி விஞ்ச், அதுக்குப் போனோம். மேல போய்க் கொஞ்ச தூரம், ஒரு இடத்துல உட்கார்ந்து, திரும்பக் கொஞ்ச தூரம். உண்டியல் முன்னால அப்பத்தா இடுப்புல இருந்து அந்த முடிச்சை எடுத்துச்சு. துணி நைஞ்சு போயிருந்தது, முடிச்சு இறுகிப் போய் அவிழலை. நான் அவிழ்க்கப் போனேன், கையைத் தட்டி விட்டுட்டு அப்படியே துணியோட உள்ள போட்டுச்சு. "கணக்கு முடிஞ்சதுப்பா"ன்னு என்கிட்ட சொல்லுச்சா முருகன்கிட்ட சொல்லுச்சான்னு எனக்குத் தெரியாது.

*ஆறாம் படி: நடந்து போறவங்களுக்கு*

தைக்கு நம்ம பக்கத்துலேருந்து பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க அதிகம். 170 கிலோமீட்டரை ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர்னு வச்சா ஆறேழு நாள். நகரத்தார் காவடிக்குத் தலைமுறை தலைமுறையா எந்த ஊர்ல தங்கல், எங்க சாப்பாடுன்னு முறை இருக்கு. நம்பிக்கை குறைஞ்சதால அவங்க அந்த முறையை வைக்கலை. இத்தனை பேரைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போகணுமேன்னு வச்சாங்க.

புதுசா நடக்கிறவங்க ஒரு மாசம் முன்னாலேருந்தே தினமும் நடந்து பழகுங்க. அருப்புக்கோட்டை ரோட்டுல காலையில 5 கிலோமீட்டர், வாரக் கடைசியில 15. புதுச் செருப்பு, புது ஷூ யாத்திரையில வேண்டாம், பழகினது மட்டும். தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டே போனா உப்பு இறங்கிடும், மோர், ஓஆர்எஸ் பொட்டலம் வச்சுக்குங்க. கொப்புளத்தைக் குத்தி விடாதீங்க. விரதம் இருக்கிறவங்க சுகர், பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டு நேரத்தை மாத்திக்குங்க.

ரோட்டுல வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டி கண்ணுல படுற மாதிரி நடங்க. பின்னால வர்ற லாரியை முதுகு பார்க்காது. முடிஞ்ச வரைக்கும் இருட்டுல ஹைவேயில நடக்க வேண்டாம். நடந்தே ஆகணும்னா வரிசையா, முதல் ஆளும் கடைசி ஆளும் டார்ச்சோட, பையில, முதுகுல ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க. காதுல இயர்போன் வேண்டவே வேண்டாம், அது முருகன் பாட்டா இருந்தாலும் சரி. கடைசி ஆளா எப்பவும் ஒரு நிதானமானவரை விடுங்க. வேகமா நடக்கிறவர் முன்னால போறது பெரிசில்லை, பின்தங்கினவர்கூட யாராவது நடக்கணும்.

அன்னதானம் வாங்கிச் சாப்பிடுங்க, இலையையும் கப்பையும் ரோட்டுல போடாதீங்க. நமக்குச் சோறு போட்ட ஊர் மறுநாள் குப்பை பொறுக்கக் கூடாது.

*கடைசியா: ஒரு காலி இடம் விடுங்க*

திட்டத்துல மணிக்கு மணி நிரப்பாதீங்க. ஒரு அரை நாள் சும்மா விட்டு வைங்க. காத்தடிச்சா, மழை வந்தா, ஒருத்தருக்கு முடியலைன்னா அந்த அரை நாள் காப்பாத்தும். ஒண்ணுமே ஆகலைன்னா அந்த நேரத்துல பிரகாரத்துல சும்மா உட்காருங்க. அடுத்து எங்கன்னு யாரும் கேட்காத அந்த நேரத்துக்காகத்தான் மத்த எல்லாக் கணக்கும் போட்டோம். நம்ம திட்டம் நம்மள அடிவாரம் வரைக்கும் கொண்டு போகும். வேங்கடராமனுக்கு அந்த 3 ரூபாய் மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அதுக்கு மேல எப்படின்னு அவன் பார்த்துக்கிட்டான். ஆனா அந்த 3 ரூபாயை எண்ணி எடுத்தது வேங்கடராமன்தான்.

இந்த வாரப் பயிற்சி: வர்ற சஷ்டிக்குள்ள உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் பாக்கி இருக்கு?" பதிலை எழுதி வைங்க. பக்கத்துக் கோயில் பிரகாரத்துல அவங்க எத்தனை சுத்து நடக்கிறாங்கன்னு பாருங்க. அந்த இரண்டையும் வச்சுக்கிட்டு முதல் வரியை எழுதுங்க. ப்ளான் போடுறப்ப சந்தேகம் வந்தா குரூப்ல கேளுங்க, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

பிரயோஜனமா இருந்தா உங்க பாதயாத்திரைக் குழுவுக்கும் அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்! 🦚